பழைய இங்கிலாந்து நாடாளுமன்ற, நீதிமன்ற ஆவணங்களில் தேடுவது எப்படி? முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

1780 ஜூன் 2-ஆம் தேதி லார்டு ஜார்ஜ் கார்டன் பெருங்கூட்டத்தோடு லண்டனில் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு கொண்டுபோனார். கத்தோலிக்கர்களுக்கு 1778-இல் கொடுத்த சலுகைச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. அன்றிரவு தொடங்கிய கலவரம் ஒரு வாரம் ஓடியது. நியூகேட் சிறை எரிந்தது, தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டின் வீடு எரிந்தது, ராணுவம் சுட்டது, பிறகு பலரைத் தூக்கில் போட்டார்கள்.

இந்தக் கலவரத்தில் பிடிபட்ட சாதாரண மனிதர்கள் யார் என்பதுதான் என் ஆய்வு. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, சென்னையில் உட்கார்ந்து பகுதிநேரமாகச் செய்தது. முதல் எட்டு மாதத்தில் ஐந்து மாதம் முழுக்க வீண். ஆவணம் இல்லாமல் இல்லை. தேடத் தெரியாமல் தேடினேன். அந்த ஐந்து மாதம் உங்களுக்கும் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். உங்கள் தலைப்பு வேறாக இருந்தாலும் வழி இதேதான்.

1. தலைப்பைத் தேடாதீர்கள், எழுதிவைத்தது யார் என்று கேளுங்கள்

எல்லோரும் முதலில் செய்வது, லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஸ்கவரி' என்ற இணையப் பட்டியலைத் திறந்து 'கார்டன் கலவரம்' என்று தட்டிப் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்தேன். கொஞ்சம்தான் வந்தது. அவ்வளவுதான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

1780-இல் எழுதிய குமாஸ்தாவுக்கு அது 'கார்டன் கலவரம்' இல்லை. 'அண்மைய கலகங்கள்' என்பது போல எழுதியிருப்பான், அல்லது 'கடிதங்கள், ஜூன்' என்று கட்டிவைத்துப் போயிருப்பான். பட்டியலும் அதே பெயரில்தான் இருக்கும். காப்பகத்தில் ஆவணங்களைப் பொருள்வாரியாக அடுக்குவதில்லை. எந்த அலுவலகத்திலிருந்து வந்ததோ அந்த அலுவலகத்தின் பெயரில் அடுக்குகிறார்கள்.

அதனால் கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த நிகழ்ச்சியை எந்தெந்த அலுவலகம் தொட்டிருக்கும்? என் தாள் இப்படி இருந்தது. மனு நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குப் போனது. படையை அனுப்பியது தளபதி ஆம்ஹர்ஸ்ட். அரசு சார்பில் வழக்குகளைத் தயார் செய்தது டிரஷரி சொலிசிட்டர். கைதிகளை விசாரித்தது லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லி. கருணை மனுக்கள் போனது அரசுச் செயலருக்கு. இதில் ஒவ்வொரு வரிக்கும் காப்பகத்தில் ஒரு தொடர் எண் இருக்கிறது: ஆம்ஹர்ஸ்டின் காகிதங்கள் 'டபிள்யூஓ 34', டிரஷரி சொலிசிட்டர் காகிதங்கள் 'டிஎஸ் 11', மூன்றாம் ஜார்ஜ் காலத்து உள்நாட்டு அரசுக் காகிதங்கள் 'எஸ்பி 37'. தொடரைப் பிடித்துவிட்டால் அப்புறம் ஆண்டைப் பார்த்து உள்ளே இறங்கலாம்.

இதில் எனக்கு ஆறு வாரம் தின்ற ஒரு பொறி உண்டு. கருணை மனு என்றால் உள்துறை, அதாவது ஹோம் ஆபீஸ் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். 'எச்ஓ' தொடர்களைப் பார் என்பார்கள். ஆனால் ஹோம் ஆபீஸ் என்ற அலுவலகமே 1782-இல்தான் வந்தது. 1780-க்கு அங்கே போய்த் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதற்கு முந்தையதெல்லாம் 'எஸ்பி'யில். உங்கள் ஆண்டில் அந்த அலுவலகம் இருந்ததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. நாடாளுமன்றம்: ஜர்னல் வேறு, விவாதம் வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சபை ஜர்னல் என்பது அதிகாரபூர்வமான பதிவு. காமன்ஸ் சபைக்கு 1547 முதல் இருக்கிறது, பிரபுக்கள் சபைக்கு இன்னும் கொஞ்சம் முன்பிருந்தே. அன்று என்ன மனு வந்தது, என்ன தீர்மானம், எத்தனை வாக்கு, எந்தக் குழு என்பதெல்லாம் அதில் கிடைக்கும். யார் என்ன பேசினார்கள் என்பது அதில் இருக்காது. நான் 1780-க்கான காமன்ஸ் ஜர்னலை, அது 37-ஆவது தொகுதி, எடுத்துவைத்துக்கொண்டு ஜூன் 2-இல் பேச்சைத் தேடினேன். வாக்கெண்ணிக்கைதான் இருந்தது. அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: வாக்கு எண்ணுகிறவர்கள், பக்கத்துக்கு இரண்டு பேர், அந்த எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். அவர்களையும் கூட்டிச் சொல்லும் புத்தகங்கள் உண்டு, கூட்டாதவையும் உண்டு. ஒரே வாக்கெடுப்புக்கு இரண்டு எண் கண்ணில் பட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

பேச்சு வேண்டுமென்றால் 1803-க்குப் பிறகு ஹான்சார்ட், அதாவது நாடாளுமன்ற விவாதங்களின் அச்சுத் தொகுப்பு. 1803 முதல் 2005 வரையான பழைய ஹான்சார்டை நாடாளுமன்றத்தின் இணையதளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம், பேச்சாளர் பெயரைக் கொண்டும் தேடலாம். ஆனால் 1909 வரை அது சொல்லுக்குச் சொல் எடுத்த பதிவு இல்லை. பெரும்பாலும் பத்திரிகைச் செய்திகளைத் தொகுத்தது. 'அவர் இவ்வாறு சொன்னார்' என்று படர்க்கையில் போகும். அதைப் பேச்சாளரின் சொந்த வார்த்தையாக மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

1803-க்கு முந்தையதற்கு காபெட் தொகுத்த 'பார்லிமென்டரி ஹிஸ்டரி' 36 தொகுதிகள் இருக்கின்றன. 1780-க்கு 21-ஆவது தொகுதி. கூகுள் புக்ஸ், ஹாத்திடிரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ் மூன்றிலும் ஸ்கேன் கிடைக்கும். இந்தப் பழைய விவாதத் தொகுப்புகளில் 18-ஆம் நூற்றாண்டிலேயே அச்சானவற்றில் ஆங்கில 'எஸ்' எழுத்து பல இடங்களில் 'எஃப்' போலவே இருக்கும். கணினியும் அதை 'எஃப்' என்றே படித்துவைத்திருக்கும். அதனால் 'புராட்டஸ்டன்ட்' என்று தேடி ஒன்றும் வராவிட்டால், நடுவில் வரும் 'எஸ்'ஸை 'எஃப்' ஆக்கித் தேடுங்கள். எனக்கு அப்படித்தான் பாதி கிடைத்தது.

பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் ஜர்னல்கள் சுத்தமாகத் தட்டச்சு செய்து கிடைக்கின்றன. ஆனால் காமன்ஸ் ஜர்னல் அங்கே ஏறக்குறைய 17-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிடும். உறுப்பினரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் 'ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்' தளத்தில் தனித்தனி வாழ்க்கைக் குறிப்பு இருக்கிறது, இலவசம். 19-ஆம் நூற்றாண்டின் விசாரணைக் குழு அறிக்கைகள், 'நீலப் புத்தகங்கள்' என்பார்களே, அவை முழுத் தொகுப்பாக வேண்டுமென்றால் சந்தா கட்டும் தரவுத்தளம். தனியாளாக வாங்கக்கூடியது இல்லை. உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அறிக்கையின் முழுப் பெயரையும் ஆண்டையும் வைத்து கூகுள் புக்ஸில் தேடினால் பெரும்பாலும் அகப்படும்.

கையெழுத்துப் பிரதிகளைப் பற்றி ஒன்று. 1834 அக்டோபர் 16-இல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தபோது காமன்ஸ் சபையின் பழைய காகிதங்களில் பெரும்பகுதி போய்விட்டது. பிரபுக்கள் சபையுடையவை தனிக் கோபுரத்தில் இருந்ததால் தப்பின. 1780-இல் காமன்ஸுக்கு வந்த மனுவின் மூலத்தைத் தேடிக் காலத்தைக் கழிக்க வேண்டாம்.

3. ஓல்ட் பெய்லி: இங்கே நிதானமாக இருங்கள்

1674 முதல் 1913 வரை லண்டன் ஓல்ட் பெய்லியில் நடந்த விசாரணைகளின் அச்சு அறிக்கைகள், ஏறக்குறைய இரண்டு லட்சம் விசாரணைகள், 'ஓல்ட் பெய்லி ஆன்லைன்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மனிதர்கள் தட்டச்சு செய்தது என்பதால் மேலே சொன்ன 'எஃப்' தொல்லை இங்கே கிடையாது. பெயர், குற்றம், தீர்ப்பு, தண்டனை என்று பிரித்துத் தேடலாம்.

ஒவ்வொரு விசாரணைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கலவர வழக்குகள் பெரும்பாலும் 'டி17800628' என்று தொடங்கும். அதைப் பார்த்து ஜூன் 28-ஆம் தேதி ஒரே நாளில் அத்தனை பேரையும் விசாரித்தார்கள் என்று நான் முதல் வரைவில் எழுதிவிட்டேன். அது அமர்வு தொடங்கிய தேதி. விசாரணை நடந்த நாள் இல்லை. ஓர் அமர்வு பல நாள் நடக்கும், ஆண்டுக்கு எட்டு அமர்வு.

பெயரைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். கலவரத்தில் டவர் ஹில்லில் தூக்கிலிடப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்ணை கார்டினர், கார்ட்னர், கார்டனர் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். நட்சத்திரக் குறி போட்டுப் பெயரின் முதல் பாதியை மட்டும் தேடுங்கள். அதுவும் வராவிட்டால் பெயரை விட்டுவிட்டு, குற்றத்தில் 'கலகம்' என்பதையும் மாதத்தையும் மட்டும் கொடுத்து வருகிற பட்டியலை வரிசையாகப் படியுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் யாரும் விட்டுப்போகமாட்டார்கள்.

இனி வாசிப்பது. கலவர வழக்குகளில் குற்றச்சாட்டு கிட்டத்தட்ட ஒரே வாய்பாடாக இருக்கும்: இன்னார் சட்டவிரோதமாகவும் கலகமாகவும் கூடி, இன்னாருடைய வீட்டை 'இடித்துத் தள்ளத் தொடங்கினார்'. இந்த 'தொடங்கினார்' என்ற சொல்லில் ஒரு மாதம் நின்றேன். வீடு பாதிதான் இடிந்ததா? இவர் தொடங்கி வேறு யாரோ முடித்தார்களா? பிறகுதான் தெரிந்தது, அது 1715 கலகச் சட்டத்தின் வாசகம். வீட்டை இடிக்கத் தொடங்கினாலே மரண தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் சொல்கிறது. குற்றப்பத்திரிகை எழுதுகிறவர் சட்டத்தின் சொல்லை அப்படியே எடுத்துப் போடுகிறார். வீடு தரைமட்டமானாலும் 'தொடங்கினார்'தான், ஜன்னல் மட்டும் போனாலும் 'தொடங்கினார்'தான். நடந்தது என்ன என்பதைச் சாட்சிகள் சொல்வதில்தான் பார்க்க வேண்டும்.

திருட்டு வழக்குகளில் இதைவிட அழகான ஒன்று இருக்கிறது. ஒருவர் ஐந்து பவுண்டு மதிப்புள்ள பொருளை வீட்டிலிருந்து திருடியதாகக் குற்றச்சாட்டு. ஜூரி, '39 ஷில்லிங் அளவுக்குக் குற்றவாளி' என்கிறது. ஐந்து பவுண்டு என்றால் 100 ஷில்லிங். அது எப்படி 39 ஆனது? 1713-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ திருடினால் தூக்கு. ஜூரியில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் கைவினைஞர்களும் ஓர் உயிரைக் காப்பாற்ற மதிப்பை அந்த 40-க்கு ஒரு ஷில்லிங் கீழே இறக்கிச் சொல்லிவிட்டார்கள். இது தெரியாமல் அந்த 39 ஷில்லிங்கைப் பொருளின் விலையாக எடுத்து அட்டவணை போட்டால் உங்கள் கணக்கு முழுவதும் தப்பு. இது தெரிந்துவிட்டால், பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் இரக்கம் காட்டிய இடம் அந்த ஒரு எண்ணில் தெரியும். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்கு இப்படிப்பட்ட எண்கள்தான் காரணம்.

இந்த அறிக்கைகள் விற்பனைக்காக அச்சடித்தவை என்பதையும் மனத்தில் வையுங்கள். நீதிமன்றத்தின் மூலப் பதிவு இது இல்லை. கைதியின் தரப்பு சொன்னதைச் சுருக்கியிருப்பார்கள், சில இடங்களில் விட்டே இருப்பார்கள். 'கைதி எதுவும் சொல்லவில்லை' என்று இருந்தால் அவர் வாய் திறக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மூலக் காகிதங்கள் கிளார்க்கன்வெல் பகுதியில் உள்ள லண்டன் ஆர்க்கைவ்ஸில் இருக்கின்றன. 1690 முதல் 1800 வரைக்கு 'லண்டன் லைவ்ஸ்' என்ற இலவசத் தளத்தில் அவற்றில் ஒரு பகுதி கிடைக்கிறது. தண்டனைக்குப் பிறகு ஆள் என்ன ஆனார் என்று தெரிய 'டிஜிட்டல் பானாப்டிகன்' தளத்தைப் பாருங்கள். 1780-இலிருந்து தண்டிக்கப்பட்டவர்களைத் தொடர்கிறது.

4. ஓல்ட் பெய்லியில் இல்லையென்றால்

மனு கொண்டுபோன கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் கார்டனே ஓல்ட் பெய்லி தளத்தில் விசாரணைக் கைதியாக வரமாட்டார். அவர்மீது ராஜத்துரோகம், விசாரித்தது கிங்ஸ் பெஞ்ச் என்ற உயர் நீதிமன்றம், 1781 பிப்ரவரி 5-இல், விடுதலையானார். அந்த விசாரணை முழுமையாக 'ஸ்டேட் டிரயல்ஸ்' என்ற பழைய அரசியல் வழக்குத் தொகுப்பின் 21-ஆவது தொகுதியில் இருக்கிறது. அதேபோல தேம்ஸின் தென்கரையில், சவுத்வார்க்கில் பிடிபட்டவர்களும் அந்தத் தளத்தில் இல்லை. ஆற்றைத் தாண்டினால் சரே மாவட்டம். அங்கே ஜூலையில் தனி ஆணையம் அமைத்து விசாரித்தார்கள். ஒரே கலவரம், ஒரே வாரம், நீதிமன்றம் மட்டும் மூன்று. உங்கள் ஆள் எந்தக் கரையில் பிடிபட்டார் என்பதை வரைபடத்தில் பாருங்கள்.

மாவட்டங்களின் பெரிய குற்ற வழக்குகளுக்கு, நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் நடத்திய அசைஸ் நீதிமன்றத் தொடர்கள். சொத்து, கடன், குடும்பச் சண்டைக்கு சான்சரி நீதிமன்றம். சான்சரி வழக்குகளில் மனிதர்கள் தங்கள் கதையை நீளமாக, ஆங்கிலத்திலேயே சொல்வார்கள். தொடங்குகிறவர்களுக்கு நல்ல இடம். மத்தியகால வழக்குச் சுருள்களின் படங்கள் லட்சக்கணக்கில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் 'ஆங்கிலோ அமெரிக்கன் லீகல் டிரடிஷன்' தளத்தில் இலவசம்.

பழைய தீர்ப்புரை வேண்டுமென்றால் 'இங்கிலீஷ் ரிப்போர்ட்ஸ்'. காமன்எல்ஐஐ (CommonLII) என்ற இலவசச் சட்டத் தளத்தில் முழுவதும் இருக்கிறது. '98 இஆர் 499' என்று பார்த்தால் 98-ஆவது தொகுதி, 499-ஆம் பக்கம் என்று பொருள். அது 1772-இன் சாமர்செட் அடிமை வழக்கு. புரியாத சுருக்கெழுத்துகளுக்கு கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் சட்டச் சுருக்கக் குறியீட்டு அகராதி இணையத்தில் உண்டு.

நம் ஊர் வழக்குகளில் லண்டன்வரை போனவையும் இதே முறையில் கிடைக்கும். சிவகங்கை ஜமீன் வாரிசு வழக்கில் 1863-இல் லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. மூர் தொகுத்த 'இந்தியன் அப்பீல்ஸ்' ஒன்பதாம் தொகுதி, 539-ஆம் பக்கம்.

5. தேதி, ஆட்சியாண்டு, மொழி

1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஆவணத்தில் '1648 ஜனவரி 30' என்று இருந்தால் நம் கணக்கில் அது 1649. ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள எந்தத் தேதியையும் '1648/9' என்று இரண்டு ஆண்டும் போட்டு எழுதிவிடுங்கள், பின்னால் குழப்பம் வராது. 1752-இல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14.

நீதிமன்றங்கள் ஆட்சியாண்டில் எண்ணும். மூன்றாம் ஜார்ஜ் 1760 அக்டோபர் 25-இல் அரியணை ஏறினார். அவருடைய 20-ஆம் ஆண்டு என்றால் 1779 அக்டோபர் 25 முதல் 1780 அக்டோபர் 24 வரை. ஓர் அட்டவணை அச்செடுத்து மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

1733 வரை நீதிமன்ற முறைப் பதிவுகள் லத்தீனில். இடையில் மன்னர் இல்லாத குடியரசுக் காலத்தில் மட்டும் ஆங்கிலம். பழைய கையெழுத்தும் சட்டென்று பிடிபடாது. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் கையெழுத்து, லத்தீன் இரண்டுக்கும் இலவசப் பயிற்சி உண்டு. தினமும் அரை மணி நேரம், ஆறு வாரம் செய்தேன். அதற்குப் பிறகுதான் கண்ணுக்கு எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. முதல்முறை ஆய்வு செய்கிறவர் 1733-க்குப் பிந்தைய தலைப்பை எடுப்பது நல்லது என்பது என் கருத்து.

6. கியூவுக்கு நேரில் போவது

வாசகர் அட்டை இலவசம். இணையத்தில் விவரம் கொடுத்துவிட்டு, நேரில் இரண்டு சான்று காட்ட வேண்டும்: பெயருக்கு ஒன்று, வீட்டு முகவரிக்கு ஒன்று. பெயருக்கு பாஸ்போர்ட் போதும். முகவரிச் சான்றில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். எதையெல்லாம் ஏற்பார்கள் என்ற பட்டியல் தளத்தில் இருக்கிறது. பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அதைப் படித்து, சான்றில் இருப்பது இப்போதைய முகவரிதானா என்று சரிபாருங்கள். எனக்கு வங்கி அறிக்கையில் பழைய வீட்டு முகவரி இருந்தது. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன் கண்ணில் பட்டதால் தப்பித்தேன்.

ஞாயிறும் திங்களும் மூடல். நாலு நாள் போகிறவர் செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே இருப்பது போலத் திட்டமிடுங்கள். ஆவணங்களை முன்கூட்டியே ஆர்டர் செய்துவைத்தால் போனவுடன் கையில் கிடைக்கும். சில தொடர்களை லண்டனுக்கு வெளியே, செஷயரில் ஓர் உப்புச் சுரங்கத்தில் வைத்திருக்கிறார்கள். அவை வந்துசேர சில வேலை நாள் ஆகும். பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கும், பார்க்காமல் விடாதீர்கள்.

வாசிப்பறைக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும். பையை லாக்கரில் வைத்துவிட்டு, பொருள்களை ஒளிபுகும் பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போக வேண்டும். தண்ணீர் பாட்டிலும் கூடாது. உங்கள் கைப்பேசியில் படம் எடுக்கக் கட்டணம் இல்லை. அவர்களிடம் நகல் கேட்டால்தான் செலவு. அதனால் அங்கே உட்கார்ந்து படிக்காதீர்கள். படம் எடுங்கள், படிப்பதை ஊருக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். சந்தா தளங்கள் சிலவற்றை அங்குள்ள கணினிகளில் இலவசமாகப் பார்க்கலாம், மதியம் களைத்துப்போகும் நேரத்துக்கு அந்த வேலை.

முதல் கட்டு வந்தபோது என் கை நடுங்கியது. நாடாவை அவிழ்த்ததும் ஒரு மடிப்புக்குள்ளிருந்து கறுப்புத் தூசி மேசையில் கொட்டியது. 1780-க்குப் பிறகு அந்த மடிப்பை எத்தனை பேர் பிரித்திருப்பார்கள் என்று நினைத்தேன். பஞ்சுத் தாங்கியில் காகிதத்தை வைத்து, மணி கோத்தது போன்ற எடைக் கயிற்றை ஓரத்தில் போட்டு, மெதுவாக விரியுங்கள். அவசரப்பட்டால் மடிப்பில் கிழியும்.

7. போக முடியாதவர்களுக்கு

காப்பகத்தில் கணக்குத் தொடங்கி உள்நுழைந்தால், ஏற்கெனவே ஸ்கேன் செய்யப்பட்டவற்றை 2020 ஏப்ரல் முதல் கட்டணமின்றி இறக்கிக்கொள்ள அனுமதித்தார்கள், எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து. விதி மாறக்கூடியது, இறக்கும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஆகாததற்கு நகல் கேட்கலாம். ஆனால் முதலில் பக்கங்களை எண்ணிப்பார்க்கவே ஒரு கட்டணம், அது திரும்ப வராது. நிறைய பக்கம் என்றால் கூலிக்குப் படமெடுத்துத் தரும் தனி ஆய்வாளர்கள் மலிவு. பெயர்ப் பட்டியல் காப்பகத் தளத்திலேயே இருக்கிறது. மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, தொடர் எண், கட்டு எண், பக்கம் மூன்றையும் சரியாகக் கொடுங்கள். 'கலவரம் பற்றி ஏதாவது' என்று கேட்டால் பணம்தான் போகும்.

8. படம் எடுக்கும்போதே முகவரி எழுதுங்கள்

ஒவ்வொரு கட்டைத் திறந்ததும் அதன் முழு எண்ணை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, முதல் படமாக அந்தச் சீட்டை எடுங்கள். தாளின் மூலையில் பென்சிலால் போட்ட தாள் எண் படத்தில் விழுகிறதா பாருங்கள், பின்பக்கத்தையும் விடாதீர்கள். நான் முதல் நாள் 400 படம் எடுத்தேன், சீட்டு வைக்காமல். எது எந்தக் கட்டு என்று தெரியாமல் அதில் 70 படத்தை இன்றுவரை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியவில்லை. இரண்டாம் நாளிலிருந்து சீட்டு வைத்தேன். அன்றிரவே விடுதியில் உட்கார்ந்து படங்களைக் கட்டுவாரியாக உறைகளில் போட்டு, ஒரு பிரதியை இணையத்தில் ஏற்றிவிட்டுத்தான் தூங்கினேன்.